ஆறாவது வாளி

மார்ச் முப்பதாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்று பத்து. விடியும்போது கொட்டகலையை மூடியிருந்த பனி ஒன்பது மணிக்கெல்லாம் விலகி, சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. சுவரில் தொங்கும் வெப்பமானி இருபத்திரண்டு பாகை காட்டியது. எங்கள் ஊருக்கு அது கோடை.

அடுப்படி மேசையில் பெரிய பேசின் நிறையக் கடலைச் சுண்டல் இருந்தது. தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவின் கடைசி நாள். வருகிறவர்களுக்கென்று என் மனைவி சரோஜா அவித்து வைத்திருந்தாள். ஒரு கரண்டி எடுக்கலாம் என்று மூடியைத் தூக்கினேன்.

மூடியின் உட்புறத்தில், சுண்டலைப் பார்த்தபடி, சிவப்புப் பெயின்டில் என் கையெழுத்து இருந்தது.

‘விஷம். தொடாதே.’ அதற்குக் கீழே சிங்களத்திலும் அதையே எழுதியிருந்தேன்.

கரண்டி கீழே விழுந்தது. சத்தம் கேட்டுச் சரோஜா வந்தாள். மூடியை யார் எடுத்தது என்று கேட்டேன். வீட்டிலிருந்த மூடியெல்லாம் கோயிலுக்குப் போய்விட்டதென்றும், கொல்லையில் ஒரு வாளியின் மேல் இது இருந்ததென்றும், மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவித்தான் மூடினேன் என்றும் சொன்னாள்.

“எழுத்து அசிங்கமா இருந்துச்சு. அதான் உள்பக்கமா திருப்பிட்டேன்” என்றாள்.

மூடி இங்கே இருக்கிறது. அப்படியானால் அது மூடியிருந்த வாளி?

கொல்லைப்புறம் ஓடினேன். காலையில் சீமெந்துத் தரையில் ஆறு வாளிகள் வெயிலில் இருந்தன. ஐந்து சரோஜாவுடையவை, ஒன்று என்னுடையது. இப்போது ஒரு வாளியும் இல்லை. ஆறு ஈர வட்டங்கள் மட்டும் தரையில் காய்ந்துகொண்டிருந்தன. கோயில் பக்கமிருந்து தப்பு மேளச் சத்தம் கேட்டது.

அந்த நிறம்

வாளியில் இருந்தது என்ன என்று சொல்வதற்கு, நான் இந்த வேலைக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும்.

தோட்டத்து ஸ்டோரில் முப்பத்தொரு வருடம் கிளாக்கராக இருந்தேன் என்று இந்தத் தொடரின் பழைய அத்தியாயங்களில் எழுதியிருக்கிறேன். ஆணி முதல் லொறி எஞ்சின் வரை எண்ணி வாங்கி எண்ணிக் கொடுப்பது என் வேலை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் துரைமார் விட்டுப்போன பழைய கார்களும் ஜீப்புகளும் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு வேண்டிய காபரேட்டர்கள் கொழும்பிலிருந்து மரப்பெட்டியில் வரும். எண்ணெய்த் தாளைப் பிரித்து, உறுப்புகள் சரியாக இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்துவிட்டு நான் கையெழுத்துப் போட வேண்டும்.

காபரேட்டர் என்பது பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குள் அனுப்பும் சின்னப் பாத்திரம், அவ்வளவுதான். ஆனால் எண்ணெய்த் தாளுக்குள்ளிருந்து வெளியே வரும்போது அதற்கு ஒரு நிறம் இருக்கும். மஞ்சள் என்றால் மஞ்சள் இல்லை. சாய்த்துப் பிடித்தால் பச்சை ஓடும், இன்னும் கொஞ்சம் திருப்பினால் இளஞ்சிவப்பு எட்டிப் பார்க்கும். புறாவின் கழுத்தை வெயிலில் பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரி.

இரண்டு வருடம் எஞ்சின் சூட்டிலும் பெட்ரோல் கறையிலும் கிடந்தால் அந்த நிறம் போய்விடும். சாம்பல் பூத்துத் தகரம் மாதிரி ஆகிவிடும். இன்று பழைய கார் வைத்திருப்பவர்களில் பாதிப்பேர் அதற்கு அலுமினியப் பெயின்ட் அடிக்கிறார்கள். மீதிப்பேர் சக்கரத்தில் பிடித்துக் கண்ணாடி மாதிரி மினுக்கிவிடுகிறார்கள். இரண்டும் அந்தப் பொருளுக்குச் செய்யும் அநியாயம். புதுசாக இருந்தபோது அது எப்படி இருந்தது என்று பார்த்தவர்கள் இல்லாததால் கேட்பாரும் இல்லை. நான் பார்த்தவன்.

ஓய்வு பெற்ற பிறகு, பட்டறை என்று நான் சொல்லும், கோழிக்கூடு என்று சரோஜா சொல்லும் அந்தச் சின்ன அறையில் இதை ஆரம்பித்தேன். உறுப்புகளைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைப்பேன். சவர்க்காரத் தண்ணீரில் கொதிக்கவைத்து, பித்தளை பிரஷ்ஷால் தேய்த்து, சோடாத் தூளைக் காற்றில் பீச்சி, உள்ளே ஒரு துளை கூட அடைபடாமல் துப்புரவாக்குவேன். கடைசியில் ஒரு முக்கு. குரோமிய உப்பும் கொஞ்சம் அமிலமும் கரைத்த மஞ்சள் திராவகத்தில் சில விநாடிகள். தூக்கினால் அந்த நிறம் தானாக ஏறியிருக்கும். குளிர்ந்த தண்ணீரில் அலசித் தொங்கவிட வேண்டும். ஒரு நாள் முழுக்க விரல் படக் கூடாது.

இதில் திராவகம்தான் ஆபத்து. தோலைத் தின்னும், கண்ணைக் கெடுக்கும், உடம்புக்குள் போனால் அதைவிட மோசம். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் நான் அதன் பக்கம் போவதில்லை. உப்போடு வந்த எச்சரிக்கைத் தாளை இருபது தடவையாவது வாசித்திருப்பேன்.

“தங்க முலாம் பூசி யாரு கழுத்துல போடப் போறீங்க மச்சான்?” என்று கேட்பான் சண்முகம். சரோஜாவின் தம்பி. நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு பஸ் ஓட்டுகிறவன். இருபத்திரண்டு வருடமாக அதே பாதை. அவன் கேலி செய்யாத பொருள் என் வீட்டில் இல்லை.

வெயிலில் வைத்தது

அந்த ஞாயிறு நான் வேலை செய்யாமல் இருந்திருக்கலாம். ஹட்டனில் இரும்புக் கடை வைத்திருக்கும் ஹாஜியாருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். ஐம்பதுகளில் அவருடைய வாப்பா வாங்கிய ஆங்கிலேயக் கார் ஒன்று பதினெட்டு வருடம் கொட்டிலில் கிடந்தது. அதைத் திருத்தி எடுத்து, மறுநாள் நோன்புப் பெருநாளுக்குப் பள்ளிவாசலுக்கு அதில்தான் போக வேண்டும் என்பது அவர் ஆசை. காபரேட்டர் மட்டும் என்னிடம் பாக்கி.

“போனட்டைத் தொறந்தா வாப்பா பார்த்த நிறம் தெரியணும் கிளாக்கரய்யா” என்று சொல்லியிருந்தார்.

கொழும்பில் பதினைந்து விநாடியில் ஏறும் நிறம் எங்கள் குளிரில் ஏறாது. திராவகம் கொஞ்சமாவது சூடாக வேண்டும். அடுப்பில் வைக்கக் கூடாத சாமான் என்பதால் மூடி போட்டு வெயிலில் வைப்பது என் வழக்கம்.

அதே வெயிலில், அதே காரணத்துக்காக, சரோஜாவும் அன்று வாளிகளை வைத்திருந்தாள்.

எங்கள் தோட்டத்தில் திருவிழாவின் கடைசி நாள் மஞ்சள் தண்ணீர் விளையாட்டு. முறைக்காரர்கள் மேல் மஞ்சள் கரைத்த தண்ணீரை ஊற்றுவார்கள். மாமன், மச்சான், அத்தான், கொழுந்தன் ஒருவரும் தப்ப முடியாது. மலைத் தண்ணீரை அப்படியே தலையில் கொட்டினால் மறுநாள் காய்ச்சலில் படுக்க வேண்டும். அதனால் காலையிலேயே கரைத்து வெயிலில் வைத்துவிடுவார்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசல்களில் அன்று வரிசை வரிசையாக மஞ்சள் வாளிகள்தான்.

நான் பத்து மணி வாக்கில் காபரேட்டரை முக்கினேன். நாற்பது விநாடி. நிறம் ஏறியது. அவ்வளவு சுத்தமாக அதற்கு முன் எனக்கு ஒரு தடவையும் அமைந்ததில்லை. ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டுவிட்டு, சின்ன உறுப்புகளைப் பிறகு முக்கலாம் என்று வாளியை மூடி, குளிக்கப் போனேன்.

அதற்குள் சரோஜா மூடியை எடுத்துவிட்டாள். மூடியில்லாத வாளியை, திருவிழாவுக்கு வந்திருந்த என் மகள் தேவகி பார்த்துவிட்டாள். மற்ற ஐந்தையும்விட அதில் நிறம் தூக்கலாக இருந்ததால் தன் தாய்மாமனுக்கென்று அதையே தனியாக எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

பீலியடியில்

கோயிலுக்கு எங்கள் வீட்டிலிருந்து ஒரு வளைவுதான். அந்த வளைவு முழுக்க ஓடினேன். எனக்கு எழுபத்து மூன்று வயது.

நான் போய்ச் சேரும்போது தேவகி கையில் வெறும் வாளி. சண்முகம் தலை முதல் இடுப்பு வரை நனைந்து நின்றான். சட்டை மஞ்சள் இல்லை, செம்மஞ்சள். இடது பக்கமாகப் பதுங்கி வந்து ஊற்றியிருக்கிறாள். அவன் சிரித்துக்கொண்டே முகத்தைத் துடைத்தான். பிறகு சிரிப்பு பாதியில் நின்றது.

“என்னடி, மஞ்சளோட மொளகாயும் சேத்து அரச்சியா?”

சுற்றி நின்ற கூட்டம் சிரித்தது. நான் “விஷம், விஷம்” என்று கத்தியபடி உள்ளே நுழைந்தேன். தப்புச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. பெரிய கிளாக்கர் இந்த வயதில் விளையாட வந்துவிட்டார் என்று நினைத்திருக்க வேண்டும். தப்படித்தவர்கள் வேகத்தைக் கூட்டினார்கள். இரண்டு பெண்கள் ஓடி வந்து என் தலையில் ஆளுக்கொரு வாளி கொட்டினார்கள். அது நல்ல மஞ்சள், வெதுவெதுவென்று இருந்தது. வேறொரு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

சண்முகத்தின் கையைப் பிடித்துக் கோயிலுக்குக் கீழே இருந்த பீலிக்கு இழுத்துக்கொண்டு போனேன். மலையிலிருந்து குழாய் வழியாக இரவும் பகலும் விழுகிற தண்ணீர் அது, ஐஸ் மாதிரி இருக்கும். அவனைக் குனியவைத்து, இமையை விரலால் பிரித்து, கண்ணைத் தண்ணீருக்குக் கொடுத்தேன். அவன் துள்ளினான். குறைந்தது இருபது நிமிடம் விடாமல் கழுவ வேண்டும் என்று எச்சரிக்கைத் தாளில் போட்டிருந்தது. கையில் மணிக்கூடு இல்லை. சத்தம் போட்டு எண்ணத் தொடங்கினேன்.

முந்நூறு வரும்போது தேவகி எங்கள் பின்னால் வந்து நின்றாள். “அப்பா, அது மஞ்சத் தண்ணி இல்லையா?” என்று கேட்டாள். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். அறுநூறு வரும்போது தப்பு நின்றது. அதற்குப் பிறகு அந்த இடத்தில் தண்ணீர் விழும் சத்தமும் என் குரலும்தான். சண்முகம் ஒரே ஒரு தடவை பேசினான்.

“மச்சான், கண்ணு போச்சுன்னா எனக்கு வேற வேல தெரியாது.”

ஆயிரத்து இருநூறில் நிறுத்தினேன். காபரேட்டரை வாங்க வந்த ஹாஜியாரின் வேன் அப்போது மேலே ரோட்டில் வந்து நின்றது. அவர் வேன் கதவைத் திறந்தார். வழி முழுக்கச் சரோஜா தம்பியின் கண்ணில் போத்தல் தண்ணீரை ஊற்றிக்கொண்டே வந்தாள். ஹாஜியார் சாயந்தரம் வரை ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் எங்களோடு இருந்து, எங்கள் போத்தலில் மிஞ்சியிருந்த தண்ணீரில்தான் நோன்பு திறந்தார். மறுநாள் பெருநாளுக்கு வேனிலேயே போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

இரண்டு வாரம் கழித்து வந்து காபரேட்டரை எடுத்துப்போனார். சாய்த்துப் பார்த்தார். பச்சை ஓடியது. இதேதான், வாப்பா காட்டிய நிறம் இதேதான் என்றார். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. தாளில் சுற்றிக் கொடுத்தேன்.

எழுத்து அட்டை

நெஞ்சிலும் தோளிலும் தோல் உரிந்து புண்ணாகி ஆறியது. சிறுநீரகத்துக்கு ஒன்றுமில்லை என்று மூன்று தடவை சோதித்துச் சொன்னார்கள். வலது கண் பத்து நாளில் தெளிந்தது. இடது கண்ணுக்கு எட்டு வாரம் சொட்டு மருந்து. கண்டி கிளினிக்குக்கு ஒவ்வொரு தடவையும் நான்தான் கூடப் போனேன். மிச்சமிருந்த திராவகத்தைக் கண்டியில் முலாம் பூசும் பட்டறை ஒன்று காசு வாங்கிக்கொண்டு முறைப்படி அழித்துக் கொடுத்தது.

யார் பிழை என்று வீட்டில் இன்றுவரை முடிவாகவில்லை. விஷம் என்று எழுதியவன் வாளியில் எழுதியிருக்க வேண்டும், மூடியில் எழுதினால் மூடிதானே விஷம் என்பது சரோஜாவின் கட்சி. எழுத்தைக் கண்ட பிறகும் அதைச் சுண்டலுக்கு மூடியவளோடு என்ன பேசுவது என்பது என் கட்சி. தேவகி எந்தக் கட்சியிலும் இல்லை. அவள் அதற்குப் பிறகு மஞ்சள் போட்டுச் சமைப்பதில்லை.

ஜூன் மாதம் சண்முகம் சாரதிமாருக்கான கண் சோதனைக்குப் போனான். இரண்டு கண்ணாலும் எழுத்து அட்டையைக் கடைசி வரி வரை வாசித்தான் என்று சொன்னார்கள். சரோஜா மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தாள். நான் அன்று அதை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

இறம்பொடை வளைவுகள்

அவன் வேலைக்குத் திரும்பிய முதல் வாரம், கண்டியில் எனக்கு ஒரு வேலை இருந்தது. அவன் பஸ்ஸிலேயே ஏறினேன். சாரதிக்குப் பின்னால் இரண்டாவது ஆசனம். நுவரெலியாவில் புறப்படும்போது ஐம்பத்து மூன்று பேர் இருந்தோம். பார்த்தவுடன் தலையை எண்ணுவது எனக்கு ஸ்டோர் பழக்கம்.

மலையிலிருந்து இறங்கும்போது பனிமூட்டம் கட்டியது. பஸ் வழக்கம்போல வளைந்து வளைந்து இறங்கியது. கண்டக்டர் முன் கதவுப் படியில் வெளியே தலையை நீட்டி நின்றான். டிக்கட் கொடுக்க உள்ளே வரவேயில்லை. ஒரு வளைவில் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினான். அடுத்த வளைவிலும் தட்டினான். நிறுத்தம் இல்லை, ஏறுகிறவர் இல்லை, இறங்குகிறவரும் இல்லை. எதற்குத் தட்டுகிறான்?

கவனித்தேன். வலது வளைவில் தட்டவில்லை. இடது பக்கம் திரும்பும்போது மட்டும். பாதை வெறுமையாக இருந்தால் இரண்டு தட்டு. ஓரத்தில் ஆள் நடந்தால் ஒன்று. ஒன்று கேட்டால் சண்முகம் வேகத்தைக் குறைத்தான். கொழுந்துக் கூடையோடு நான்கு பெண்கள் ஓரமாக வந்தார்கள். ஒரு தட்டு விழுந்தது. பஸ் மெதுவாகியது. நானே அவர்களின் முகத்தைத் தெளிவாகப் பார்த்தேன். சண்முகத்தின் தலை அந்தப் பக்கம் திரும்பவில்லை.

பதினோராவது தட்டில் எனக்கு விளங்கியது.

இறம்பொடையில் தேநீருக்கு நிறுத்தினார்கள். அவனைக் கடைக்குப் பின்னால் கூட்டிப்போனேன். அருவியின் சாரல் முகத்தில் அடித்தது. கண்டக்டர் ஏன் தட்டுகிறான் என்று கேட்டேன். பழக்கம் என்றான். போன வருடம் இதே பஸ்ஸில் வந்தபோது அந்தப் பழக்கம் இல்லையே என்றேன். அவன் கிளாஸைக் கீழே வைத்தான். வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தான்.

“இப்ப நீங்க நிக்கிறது தெரியுது மச்சான். மூஞ்சி தெரியல.”

“அப்ப சோதனையில எப்பிடி வாசிச்ச?”

“எட்டு வாரம் கிளினிக்ல அந்த அட்டைக்கு முன்னாலதான உக்காந்திருந்தேன். அங்கயும் அதே அட்டதான். புள்ளைங்க பேரு மறந்தாலும் அந்த எழுத்து எனக்கு மறக்காது.”

இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தான். கேலி செய்யும்போது சிரிக்கிற அதே சிரிப்பு. நான் பக்கத்திலிருந்த கல்லில் உட்கார்ந்தேன். கண்டக்டருக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது என்றான். ஒரு வாரமாக, நாளுக்கு இரண்டு நடை. எத்தனை பேர் என்று என் மனம் தன்பாட்டில் பெருக்கத் தொடங்கியது. பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

“அம்பத்து மூணு பேரு இருக்காங்க சண்முகம்.”

“தெரியும்.”

“இனி எடுக்காத. இதுக்கு மேல ஒரு அடி கூட எடுக்காத.”

அவன் பஸ்ஸைப் பார்த்தான். ஜன்னலில் ஒரு குழந்தை பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. அவனுக்கு இரண்டு பெண்கள். ஒருத்தி பல்கலைக்கழகத்தில், ஒருத்தி உயர்தர வகுப்பில்.

“எடுக்கலன்னா என் வீட்ட யாரு பாக்குறது? நீங்களா?”

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டான்.

“ஆமா” என்றேன். “நான்தான்.”

சண்முகம் சாவியைக் கண்டக்டரிடம் கொடுத்தான். பஸ் முதலாளிக்குப் போன் போட்டு, வேறு சாரதி வந்து சேர ஒன்றேகால் மணி நேரம் ஆனது. ஆட்கள் திட்டினார்கள். கண்டியில் கல்யாணத்துக்குப் போகிற ஒருவர், சாரதிக்கு உடம்புக்கு என்ன, நல்லாத்தானே நிற்கிறான் என்று என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். சண்முகம் அவருக்கு ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்தான்.

அந்த வாரமே பட்டறையைக் காலி செய்தேன். சேர்த்து வைத்திருந்த இருபத்து மூன்று காபரேட்டர்களையும், காற்றுப் பம்பையும், சோடாத் தூள் பீச்சும் பெட்டியையும் கொழும்பிலிருந்து வந்த ஒருவர் விலைக்கு வாங்கி வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார். அது போதவில்லை. வங்கியில் போட்டு வைத்திருந்ததைத் தவணை முடியுமுன் எடுத்தேன். அருவி பார்க்க வருகிறவர்கள் இறங்கும் இடத்தில் சண்முகத்துக்கென்று ஒரு தேநீர்க் கடைக்கு முன்பணம், கேஸ் அடுப்பு, பாய்லர், மேசை, முதல் சரக்கு. கடை தன் காலில் நிற்கும்வரை ஏழு மாதம் அவன் வீட்டுச் செலவு, பெண்களின் படிப்புச் செலவு. முன்னே போன ஆஸ்பத்திரி ஓட்டமும், சொட்டு மருந்தும், திராவகத்தை அழித்த கூலியும் தனி.

ஆயிரத்து இருநூறு வரை எண்ணியதைவிட இதைக் கூட்டுவது எனக்குச் சுலபமாக இருந்தது. இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன், ஒரே தொகைதான் வந்தது. பதினோரு இலட்சத்து எழுபத்தாறாயிரத்து நானூற்று ஐம்பது ரூபா.